மூட்டைப்பூச்சியை வீட்டிலிருந்து அடியோடு ஒழிக்க: ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் மூட்டைப்பூச்சி இருப்பது தெரியவந்ததும் பெரும்பாலான குடும்பங்கள் மூன்று காரியங்களைச் செய்கின்றன. கடிபட்டவர் தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்ப் படுக்கிறார். மறுநாள் காலையில் கடையில் கையில் கிடைத்த பூச்சி மருந்தை வாங்கி வந்து மெத்தை முழுவதும் அடிக்கிறார்கள். அப்போதும் அடங்காவிட்டால் மெத்தையைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவோரம் போட்டுவிடுகிறார்கள். இந்த மூன்றுமே பூச்சியைக் குறைப்பதற்குப் பதிலாகப் பரப்புகின்றன. சென்னையில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்த வீட்டிலும் முதலில் இதுதான் நடந்தது. விலைக்கு வாங்கிய பழைய மரக்கட்டிலோடு ஒரே அறைக்குள் வந்த தொல்லை, மூன்று வாரங்களில் பெற்றோர் பாய் விரித்துப் படுக்கும் கூடத்துக்கும் வந்து சேர்ந்தது. அதன்பின் அவசரத்தை விட்டுத் திட்டமிட்டுச் செய்தபோது இரண்டு மாதங்களில் வீடு முற்றிலும் சுத்தமானது. துணி உலர்த்தும் இயந்திரம் இல்லாத, குழந்தைகளும் முதியவர்களும் இருக்கிற, பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொள்கிற நம் ஊர் வீடுகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இந்த வேலையில் மருந்து கடைசியாக வருவது. தேடுதல், வெப்பம், நாள்கணக்கு ஆகிய மூன்றும்தான் பூச்சியை ஒழிக்கின்றன. வரிசையை மாற்றி மருந்திலிருந்து தொடங்கியவர்கள் பெரும்பாலும் திரும்பவும் முதல் படிக்கே வந்து நிற்கிறார்கள்.

பூச்சியின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளுங்கள்

மனிதரைக் கடிக்கும் மூட்டைப்பூச்சிகளில் இரண்டு இனங்கள் முக்கியமானவை. குளிர்நாடுகளில் மிகுதியாக உள்ளது சைமெக்ஸ் லெக்டுலேரியஸ். நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில் மிகுதியாக உள்ளது சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். இந்த வேறுபாடு வெறும் புத்தக அறிவு அன்று. நம் ஊர் இனத்தின் கால்களுக்கு வழுவழுப்பான பரப்பிலும் பற்றி ஏறும் திறன் அதிகம். ஆகவே, குளிர்நாட்டு இனத்தை வைத்துச் சொல்லப்படும் சில ஆலோசனைகள், குறிப்பாகக் கட்டில் காலுக்கு அடியில் வைக்கும் வழவழப்பான பொறிக் கிண்ணங்கள், இங்கே அதே அளவுக்குப் பலன் தருவதில்லை.

வளர்ந்த பூச்சி ஏறத்தாழ ஒரு துவரம்பருப்பின் அளவு இருக்கும். பசித்திருக்கும்போது தட்டையாகவும் பழுப்பாகவும் தெரியும். இரத்தம் குடித்தபின் நீண்டு, உப்பி, கருஞ்சிவப்பாக மாறும். முட்டை வெள்ளை ரவைத் துகள் போன்றது, ஒரு மில்லிமீட்டர் நீளம். பிசின் தடவியதுபோல் ஒட்டிக்கொண்டிருப்பதால் தட்டினாலும் உதறினாலும் விழாது. நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் பொரிந்துவிடும். வெளிவரும் குஞ்சு எள்ளைவிடச் சிறியது, ஏறக்குறைய நிறமற்றது. அது ஐந்து முறை தோலுரித்துத்தான் வளர்ந்த பூச்சியாகிறது. ஒவ்வொரு முறை தோலுரிப்பதற்கும் ஒரு தடவையாவது இரத்தம் குடிக்க வேண்டும். உணவு தடையின்றிக் கிடைத்தால் முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு ஐந்து முதல் ஏழு வாரங்கள் போதும். பெண்பூச்சி தன் வாழ்நாளில் இருநூறுக்கு மேற்பட்ட முட்டைகள் இடக்கூடியது. கருவுற்ற ஒரே ஒரு பெண்பூச்சி வீட்டுக்குள் வந்தாலும் ஒரு கூட்டம் உருவாகிவிடும்.

பின்னால் சொல்லப்போகும் ஒவ்வொரு படிக்கும் காரணம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. இன்று எல்லாப் பூச்சிகளையும் கொன்றாலும் முட்டைகள் தப்பினால் பத்து நாளில் புதிய தலைமுறை வந்துவிடும். இரத்தம் கிடைக்காவிட்டாலும் வளர்ந்த பூச்சி சில மாதங்கள் பட்டினி கிடந்து உயிர்வாழும் என்பதால், வீட்டைப் பூட்டிவிட்டுக் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்தால் செத்துவிடும் என்று எண்ணுவதும் வீண்.

இருப்பது மூட்டைப்பூச்சிதானா என்று உறுதிசெய்யுங்கள்

தடிப்பை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. கொசுக்கடி, சிரங்கு, ஒவ்வாமை ஆகியவையும் அதே போன்ற தடிப்புகளைத் தரும். ஒரே கட்டிலில் படுக்கும் இருவரில் ஒருவருக்கு உடம்பெல்லாம் தடிப்பதும் மற்றவருக்கு ஒன்றுமே தெரியாமல் இருப்பதும் சாதாரணம். சிலருக்குக் கடித்த பல நாள் கழித்தே அரிப்பு தொடங்கும். ஆகவே உடம்பில் தேடுவதைவிடப் படுக்கையில் தேடுவதே சரி.

உறுதியான அடையாளங்கள் நான்கு. முதலாவது, மெத்தையின் தையல் ஓரங்களிலும் கட்டிலின் இணைப்புகளிலும் பேனா முனையால் வைத்த புள்ளிகள் போன்ற கருங்கறைகள். இவை செரித்த இரத்தத்தின் கழிவு என்பதால் ஈரப் பஞ்சால் தொட்டால் பழுப்பாகப் பரவும். இரண்டாவது, பூச்சி கழற்றிப்போட்ட வெளிர்மஞ்சள் தோல்கள். மூன்றாவது, உறங்குபவர் புரண்டு படுக்கும்போது நசுங்கிய பூச்சியால் விரிப்பில் உண்டாகும் சிறு இரத்தக் கறைகள். நான்காவது, உயிருள்ள பூச்சி. கூட்டம் பெருகிவிட்ட வீட்டில் ஒரு நாற்றமும் இருக்கும். நசுக்கிய மூட்டைப்பூச்சியின் நெடியும் பச்சைக் கொத்தமல்லியைக் கசக்கும்போது சிலருக்குக் குமட்டும் நெடியும் ஒரே குடும்ப வேதிப்பொருள்களிலிருந்து வருபவை என்பதால், அந்த ஒற்றுமையை மூக்கு உடனே கண்டுகொள்ளும்.

தேட உகந்த நேரம் விடியலுக்கு முந்திய மூன்று மணி முதல் ஐந்து மணி வரை. அந்த நேரத்தில் டார்ச் விளக்கோடு எழுந்து பார்த்தால், பகலில் ஒளிந்திருப்பவை வெளியே நடமாடுவதைக் காணலாம். ஒன்றைப் பிடித்து ஒளிபுகும் ஒட்டுநாடாவில் ஒட்டி வைத்துக்கொண்டால் பிறகு யாரிடம் காட்டுவதற்கும் உதவும்.

நோய் பரவுமோ என்ற அச்சத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 1907-இல் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த டபிள்யூ. எஸ். பாட்டன், சென்னையில் செய்த ஆய்வுகளை வைத்துக் காலா அசார் என்னும் கருங்காய்ச்சலை மூட்டைப்பூச்சி பரப்பக்கூடும் என்று கருதினார். அந்தக் கருத்து நிலைக்கவில்லை. அந்நோயைப் பரப்புவது மணல் ஈ என்று 1942-இல் நிறுவப்பட்டது. அன்றாட வாழ்வில் மூட்டைப்பூச்சிக் கடி மனிதருக்கு நோய் பரப்புவதாக இன்றுவரை உறுதிப்படவில்லை. அரிப்பு, சொறிவதால் வரும் புண், தூக்கமின்மை, மன உளைச்சல் ஆகியவையே உண்மையான பாதிப்புகள். கடித்த இடத்தைச் சோப்பு நீரால் கழுவிக் குளிர்ந்த துணியை ஒற்றினால் பெரும்பாலும் அடங்கும்; தடிப்பு பெரிதானாலோ சீழ் பிடித்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

முதல் நாள்: பரவாமல் தடுத்தல்

கடினமாகத் தோன்றும் அறிவுரைதான், ஆனால் மிக முக்கியமானது: படுக்கும் இடத்தை மாற்றாதீர்கள். நம் மூச்சுக்காற்றையும் உடல்சூட்டையும் தேடி வரும் பூச்சி, நாம் அடுத்த அறைக்குப் போனால் தானும் அங்கே வரும்; அதற்குமுன் நம் தலையணையிலும் போர்வையிலும் ஒட்டிக்கொண்டும் வரும். அதே கட்டிலில் படுத்துக்கொண்டே அந்தக் கட்டிலைப் பூச்சி நெருங்க முடியாத இடமாக மாற்றுவதுதான் நம் நோக்கம். கைக்குழந்தையை மட்டும் வேறிடத்தில் படுக்கவைக்க நேர்ந்தால், தூளிச் சேலையையும் துணிகளையும் வெந்நீரில் அலசியபின் பயன்படுத்துங்கள்.

அந்த அறையிலிருந்து எந்தப் பொருளும் மூடிக் கட்டிய பிளாஸ்டிக் பைக்குள் அல்லாமல் வெளியே போகக் கூடாது. தடிமனான பெரிய பைகள், அகன்ற ஒட்டுநாடா, டார்ச், ஸ்க்ரூடிரைவர், பழைய பல்துலக்கி, பயன்படாத ஒரு பிளாஸ்டிக் அட்டை, சோப்புக் கரைசல் நிறைந்த ஒரு கிண்ணம், ஒரு குறிப்பேடு ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். குறிப்பேடு எதற்கு என்பது கடைசிப் பகுதியில் தெரியும்.

தேடுதல்

வேலையின் பாதி இதுதான். அவசரப்படாமல் ஓர் அறைக்கு மூன்று நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். படுக்கையிலிருந்து தொடங்கி வெளிநோக்கி வட்டம் வட்டமாகச் செல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான பூச்சிகள் உறங்குபவரிடமிருந்து சில அடி தூரத்துக்குள்தான் ஒளிந்திருக்கும்.

மெத்தையின் நான்கு விளிம்புத் தையல்களையும், பஞ்சை நிறுத்தப் போட்ட குஞ்ச முடிச்சுகளையும், கைப்பிடிகளையும், நிறுவனத் துணிச்சீட்டின் அடியையும் விரலால் விரித்துப் பாருங்கள். பிறகு கட்டிலைக் கழற்றுங்கள். கழற்றாமல் மேலோட்டமாகப் பார்ப்பது பார்க்காததற்குச் சமம். தலைமாட்டுப் பலகையின் பின்புறம், குறுக்குச் சட்டங்கள் உட்காரும் பள்ளம், திருகு ஏறிய துளை, பிளைவுட் பலகையின் ஒட்டாத ஓரம் ஆகிய இடங்களில் கூட்டமாக இருக்கும். இரும்புக் குழாய்க் கட்டிலாக இருந்தால் காலின் பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றிக் குழாயின் உட்புறத்தையும் பாருங்கள். எங்கள் வீட்டில் பூச்சிகளில் பெரும்பகுதி மெத்தையில் இல்லை. தலைமாட்டுப் பலகையில் பூவேலைச் செதுக்கலின் பின்னால், பழைய ஆணித் துளைகளில்தான் இருந்தது.

கட்டில் முடிந்தபின் அதையொட்டிய சுவருக்கு வாருங்கள். மாட்டியிருக்கும் நாட்காட்டி, சாமி படம், குடும்பப் புகைப்படம் ஆகியவற்றின் பின்பக்கம், சுவர் விரிசல், கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையிலான சந்து, திரைச்சீலையின் மடிப்புத் தையல், கொசுவலையின் முடிச்சு, மின்விசையைத் துண்டித்தபின் சுவிட்ச் போர்டின் உட்புறம் ஆகியவற்றைச் சோதியுங்கள். சோபா, பிரம்பு நாற்காலி, வயர் பின்னிய நாற்காலி ஆகியவற்றைத் தவிர்த்துவிடாதீர்கள். பகலில் தாத்தா கண்ணயரும் சாய்வு நாற்காலியும் ஒரு படுக்கைதான். கோரைப்பாயின் ஓரத்தில் துணி வைத்துத் தைத்த கரை, பூச்சிக்கென்றே செய்த அறை போன்றது.

கண்ணில் படுபவற்றைப் பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டிச் சோப்புக் கரைசலில் தள்ளுங்கள், அல்லது ஒட்டுநாடாவால் ஒற்றியெடுங்கள். வேக்யூம் கிளீனர் இருந்தால் இடுக்குக்கான குறுகிய மூக்கை மாட்டி உறிஞ்சலாம். முடிந்தவுடன் அதன் பையை இறுகக் கட்டி அப்புறப்படுத்திவிட்டுத் தூசிக்கூடையை வெந்நீரில் கழுவ வேண்டும். உறிஞ்சுவதால் முட்டைகள் முழுதாக வராது என்பதையும் நினைவில் வையுங்கள். முட்டைக்கு வெப்பம்தான் வழி.

துணிகள்

50 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பம் ஊடுருவி நிலைத்தால் பூச்சியும் முட்டையும் சேர்ந்தே சாகும். விரிப்பு, தலையணை உறை, போர்வை, திரைச்சீலை, அறையில் தொங்கிய உடைகள் அனைத்தையும் பையில் கட்டி நேராகக் குளியலறைக்குக் கொண்டுசெல்லுங்கள். துவைக்கும் இயந்திரத்தில் வெந்நீர் வசதி இருந்தால் 60 டிகிரியில் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் அண்டாவில் கொதிக்கவைத்த நீரைத் துணி முழுவதும் மூழ்குமாறு ஊற்றி மூடி, அரைமணி நேரம் சூடு குறையாமல் வைத்திருங்கள். வெந்நீர் தாங்காத துணிகளை, காய்ந்தபின், தையல் ஓரங்களில் இருபுறமும் சூடான இஸ்திரிப் பெட்டியால் மெதுவாக அழுத்தித் தேயுங்கள். துவைத்தவற்றைப் புதிய பையில் கட்டி வையுங்கள். பழைய பையைத் திரும்பப் பயன்படுத்தினால் செய்த வேலை முழுவதும் பாழாகிவிடும்.

பட்டுச்சேலைகளைப் பற்றிப் பலரும் கவலைப்படுவார்கள். படுக்கையிலிருந்து விலகி நிற்கும் பீரோவுக்குள் மடித்து வைத்த சேலைகளில் பொதுவாகப் பூச்சி இருப்பதில்லை. மடிப்புகளைப் பிரித்துப் பார்த்தால் போதும். சந்தேகம் இருந்தால் காற்றுப் புகாத பையில் இட்டு, மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் செல்லக்கூடிய தனி உறைபெட்டியில் நான்கு நாள் வைக்கலாம். சாதாரண ஒற்றைக் கதவுக் குளிர்பெட்டியின் ஐஸ் அறை அந்தக் குளிரை எட்டுவதில்லை. வெளியே எடுத்தபின் பையை உடனே பிரிக்காமல், அறை வெப்பத்துக்கு வந்த பிறகு பிரித்தால் ஜரிகையில் ஈரம் படியாது.

மெத்தையும் கட்டிலும்

நம் முன்னோர் கயிற்றுக் கட்டிலை வெயிலில் நிறுத்தி, சந்துகளில் கொதிநீர் ஊற்றி, தடியால் தட்டினார்கள். அந்த முறையில் உண்மை இருக்கிறது, ஆனால் அதன் எல்லையை அறிந்து செய்ய வேண்டும். கெட்டி மரக் கட்டிலுக்கும் இரும்புக் கட்டிலுக்கும் கொதிநீர் மிகச் சிறந்த மருந்து. கழற்றிய சட்டங்களை மொட்டைமாடிக்கோ முற்றத்துக்கோ பையில் சுற்றி எடுத்துச்சென்று, துளைகளிலும் பள்ளங்களிலும் இரண்டு மூன்று முறை நிதானமாக ஊற்றுங்கள். பிளைவுட், அழுத்திய மரத்தூள் பலகை ஆகியவை நீர் பட்டால் உப்பிக் கெட்டுவிடும். அவற்றுக்கு நீராவிதான் ஏற்றது. கோரைப்பாய்க்கும் கொதிநீர் ஊற்றி அன்றே நல்ல வெயிலில் உலர்த்தலாம்.

நீராவி இயந்திரம் வாங்க முடிந்தால் அதைவிட உதவும் பொருள் வேறில்லை. அதன் மூக்கை இடுக்கில் பதித்து மிக மெதுவாக, ஓர் அடி தூரத்தைக் கடக்கப் பத்துப் பதினைந்து வினாடிகள் எடுத்துக்கொள்ளும் வேகத்தில் நகர்த்துங்கள். ஆவி வேகமாகப் பீய்ச்சினால் பூச்சிகள் சிதறித் தெறிக்கும். மூக்கில் ஒரு துணியைச் சுற்றிவிட்டால் வேகம் குறைந்து சூடு தங்கும். மின்சாதனங்கள், சுவிட்ச் போர்டுகள் அருகே நீராவி கூடாது.

மெத்தையை வெயிலில் போடுவது மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது. கத்திரி வெயிலிலும் மெத்தையின் மேற்பரப்புதான் சுடும். நடுப்பகுதி சுடுவதற்குள் பூச்சிகள் நிழலான அடிப்பக்கத்துக்கு நகர்ந்துவிடும். சிறிய பொருள்களுக்கு, அதாவது செருப்பு, புத்தகப் பை, பொம்மை போன்றவற்றுக்கு, வெயில் உதவும். கறுப்பு பிளாஸ்டிக் பையில் மெல்லிய அடுக்காகப் பரப்பிக் கட்டி, நடுவே ஒரு வெப்பமானியை வைத்து, அது 50 டிகிரியைத் தாண்டிய பிறகு சில மணி நேரம் விட்டுவையுங்கள். வெப்பமானி இல்லாமல் வெயிலை நம்புவது அனுமானம் மட்டுமே.

மெத்தையின் தையல்களை நீராவியால் முடித்தபின், முழு மெத்தையையும் ஆறு பக்கமும் மூடும் ஜிப் வைத்த உறைக்குள் போடுங்கள். ஜிப் முடியும் மூலையை ஒட்டுநாடாவால் அடையுங்கள். உள்ளே தப்பியவை வெளியே வர முடியாமல் பட்டினியால் சாகும். வெளியே இருப்பவை ஒளிவதற்குத் தையல் கிடைக்காது. இந்த உறையை ஓர் ஆண்டுக்குக் கழற்றக் கூடாது. தூக்கியெறிய எண்ணிய மெத்தையைக்கூட இப்படிக் காப்பாற்றிவிடலாம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதை நம்மிடம் பழமொழியாகவே இருக்கிறது. புது மெத்தை வாங்கிப் பழைய கட்டிலில் போடுவதும் அதன் பக்கம் போவதுதான். மிகவும் சிதைந்துபோன மெத்தையை அப்புறப்படுத்தியே ஆகவேண்டும் என்றால் பிளாஸ்டிக்கில் சுற்றி, உறையைக் கிழித்து, வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி அடையாளமிட்டுப் போடுங்கள். தெருவில் கிடக்கும் மெத்தையை எடுத்துப் போகிறவர் அதைத் தேவைக்காகத்தான் எடுக்கிறார். அவர் வீட்டுக்கு இந்தத் துன்பம் போகக் கூடாது.

கட்டிலைத் தீவாக்குதல்

கட்டிலைத் திரும்பப் பூட்டியபின் சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போடுங்கள். விரிப்பும் போர்வையும் தரையைத் தொடக் கூடாது; அடியில் பெட்டி, பழைய துணி மூட்டை எதுவும் இருக்கக் கூடாது. நான்கு கால்களையும் அகலக் கிண்ணங்களில் நிறுத்திச் சோப்பு கலந்த நீர் ஊற்றுங்கள். எறும்பு ஏறாதிருக்கச் சாப்பாட்டு அலமாரியின் கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்தும் அதே வழக்கம்தான். நம் ஊர் இனம் வழவழப்பான கிண்ணத்தில் ஏறிவிடும் என்பதால் வெறும் கிண்ணத்தைவிட நீர் உள்ள கிண்ணமே நம்பத்தக்கது. சோப்பு சேர்ந்தால் விழுந்த பூச்சி மிதக்காமல் மூழ்கிவிடும். டெங்குக் கொசு தேங்கிய நீரில் வளரும் என்பதால் இரண்டு நாளுக்கு ஒருமுறை கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி நீரை மாற்றுவது கட்டாயம். விழுந்த பூச்சிகளை எண்ணிக் குறிப்பேட்டில் தேதியோடு எழுதுங்கள்.

தரையில் படுப்பவர்களுக்கு இந்தத் தீவு அமையாது. இயன்றால் இரண்டு மாதங்களுக்கு மட்டுமாவது அவர்களுக்கு ஒரு மடக்குக் கட்டில் ஏற்பாடு செய்யுங்கள். முடியாவிட்டால் பாயைச் சுவரோரம் விரிக்காமல் அறையின் நடுவில் விரித்து, காலையில் சுருட்டி மூலையில் சாத்தாமல் கொடியில் பிரித்துத் தொங்கவிட்டு, வாரம் ஒருமுறை கொதிநீர் ஊற்றி உலர்த்துங்கள்.

அறையின் இடுக்குகள்

சுவர் விரிசல்களையும் நிலைச் சந்துகளையும் நீராவியால் சுத்தம் செய்து, காய்ந்தபின் வெள்ளை சிமென்ட் அல்லது பட்டியால் அடையுங்கள். சுவிட்ச் போர்டின் ஓரம், குழாய் நுழையும் துளை ஆகியவற்றை மறக்க வேண்டாம். அடுக்குமாடியில் பூச்சி வீடு விட்டு வீடு போகும் வழிகள் அவை. அடைக்க இயலாத உள்ளிடுக்குகளில் டயட்டமேசியஸ் எர்த் (நுண்பாசி ஓடுகளின் புதைபடிவப் பொடி) அல்லது சிலிகாப் பொடியை மெல்லிய தூரிகையால், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்குப் பூசலாம். அது பூச்சியின் மேல்தோலிலுள்ள மெழுகுப் படலத்தை அழித்து உலரவைத்துக் கொல்லும். நஞ்சன்று என்பதால் பூச்சிகளுக்கு அதை எதிர்க்கும் திறன் எளிதில் வராது. ஆனால் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் மெதுவாகத்தான் வேலை செய்யும். நீச்சல் குளத்துக்கு விற்கும் வகையை வாங்காதீர்கள். பூசும்போது முகக்கவசம் அணியுங்கள். படுக்கையிலும் தரையிலும் தூவாதீர்கள். நுரையீரலுக்குள் போகும் நுண்தூசி யாருக்கும் நல்லதன்று.

மருந்தைப் பற்றி

1947-இலேயே ஹவாயின் பேர்ல் துறைமுகப் படைவீரர் குடியிருப்பில் டி.டி.டி. மருந்துக்கு மூட்டைப்பூச்சிகள் அடங்காதது பதிவாகியிருக்கிறது. இன்று கடைகளில் கிடைக்கும் தெளிப்பான்களில் பெரும்பாலானவை பைரித்ராய்டு வகை. உலகின் பல பகுதிகளில் மூட்டைப்பூச்சிகள் அதற்கும் எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டன. மேலே பட்டவை சில சாகலாம்; மற்றவை சிதறி ஆழமான இடுக்குகளுக்குள் போகும். அறை முழுவதும் புகைபோலப் பரவும் டப்பாக்களின் மருந்து இடுக்குகளுக்குள் நுழைவதேயில்லை. கற்பூரம், நாப்தலின் உருண்டை, ஒலியெழுப்பும் மின்கருவி ஆகியவை பணத்துக்குக் கேடு. வேப்பெண்ணெய் நேரடியாகப் பட்ட பூச்சியைப் பாதிக்கும். அதை மட்டும் நம்பி ஒரு வீட்டைச் சுத்தம் செய்ய முடியாது.

சிலவற்றை எந்த நிலையிலும் தொடக் கூடாது. நெல், அரிசி மூட்டைகளுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவை வெளியிடும். மூடிய அறையில் அது உறங்குபவர்களைக் கொன்றுவிடும், பக்கத்து வீட்டுக்கும் பரவும். அதற்கு முறிமருந்து கிடையாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக வீட்டில் வைத்த மருந்தால் இரண்டு குழந்தைகள் இறந்ததை மறந்திருக்க மாட்டோம். முன்பு மூட்டைப்பூச்சிக்கென்று பலரும் வாங்கிய டைகுளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் முற்றிலும் தடைசெய்யப்பட்டுள்ளது. பழைய புட்டி பரணில் இருந்தாலும் பயன்படுத்தாதீர்கள். வயலுக்கு அடிக்கும் மருந்தை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் ஸ்பிரிட்டும் தீப்பிடிக்கும். மருந்து நெடியால் யாருக்காவது மயக்கமோ வாந்தியோ மூச்சுத்திணறலோ வந்தால், உடனே எல்லோரும் வெளியேறி 108-ஐ அழைக்க வேண்டும். மருந்தின் பெயர்ச்சீட்டை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பூச்சி ஒழிப்பாளரை அழைக்க நேரும்போது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றவரா, எந்த மருந்தைப் பயன்படுத்துகிறார், இரண்டு வார இடைவெளியில் குறைந்தது இரண்டு முறையாவது வருவாரா, எத்தனை மணி நேரம் வீட்டை விட்டு வெளியே இருக்க வேண்டும் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். மருந்துப் புட்டியில் உள்ள சாய்சதுரத்தின் நிறத்தையும் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், பின் நீலம், பச்சை என்று கடுமை குறையும். ஒரே முறையில் முட்டையோடு ஒழித்துத் தருவதாகச் சொல்பவரை நான் நம்பமாட்டேன். வீட்டில் கர்ப்பிணி, கைக்குழந்தை, ஆஸ்துமா நோயாளி, பூனை, மீன்தொட்டி ஆகியவை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பூனைக்கும் மீனுக்கும் பைரித்ராய்டு மருந்துகள் பெரும் தீங்கு செய்யும். ஒழிப்பாளர் வந்தாலும் மேற்சொன்ன துணி, கட்டில் வேலைகள் உங்களுடையவைதான்.

நாள்கணக்கு

முதல் சுற்று முடிந்த நாளைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பத்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் கட்டிலை மறுபடி கழற்றி, தேடுதல் முழுவதையும் திரும்பச் செய்யுங்கள். அப்போது எள்ளளவுக் குஞ்சுகள் தென்பட்டால் மனம் தளர வேண்டாம். தப்பிய முட்டைகள் பொரிந்திருக்கின்றன, அவை வளர்ந்து முட்டையிடுவதற்குள் பிடித்துவிட்டீர்கள் என்பதே அதன் பொருள். அடுத்த சுற்று இருபத்தெட்டாம் நாளையொட்டி. அந்தச் சுற்றிலும் இரத்தம் குடித்து உப்பிய பெரிய பூச்சிகள் இருந்தால், நீங்கள் பார்க்காத ஒளிவிடம் ஒன்று இருக்கிறது; எங்கள் வீட்டில் அது கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த புகைப்படச் சட்டத்தின் பின்னால் இருந்தது. கடைசிப் பூச்சியைக் கண்ட நாளிலிருந்து எட்டு வாரங்கள், கிண்ணத்திலும் விரிப்பிலும் உடம்பிலும் எந்த அடையாளமும் இல்லாவிட்டால் வீடு சுத்தமாகிவிட்டது என்று கொள்ளலாம்.

இந்தக் காலத்தில் பக்கத்து வீட்டாரிடமும் வீட்டு உரிமையாளரிடமும் சொல்லிவிடுங்கள். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் மூட்டைப்பூச்சிக்கு அழுக்கும் சுத்தமும் ஒன்றுதான், அதற்கு வேண்டியது இரத்தமும் இடுக்கும் மட்டுமே. சுவரின் மறுபக்கம் பூச்சி இருந்தால் உங்கள் உழைப்பு நிலைக்காது. வீட்டுவேலைக்கு வரும் அம்மாவின் மீது பழி போடுவது பல இடங்களில் நடக்கிறது. அது அநியாயம், உங்கள் வீட்டுப் பூச்சி அவர் பையோடு அவர் வீட்டுக்குப் போகும் வாய்ப்பும் அதே அளவு உண்டு. அவருடைய பையை வாசலருகே ஓர் ஆணியில் மாட்ட இடம் கொடுங்கள்.

மீண்டும் வராமல் காக்க, படுக்கை வசதியுள்ள பேருந்திலோ இரயிலிலோ விடுதியிலோ தங்கித் திரும்பியதும் பெட்டியைக் கட்டிலில் வைக்காமல் குளியலறைத் தரையில் திறந்து, துணிகளை நேராக வெந்நீருக்கு அனுப்புங்கள். விடுதி அறையில் நுழைந்தவுடன் தலைமாட்டையும் மெத்தையின் தையலையும் டார்ச் அடித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். பழைய மரச்சாமான் வாங்கினால் வீட்டுக்குள் ஏற்றும் முன்னர் வெளியிலேயே கழற்றி, கெட்டி மரம் என்றால் கொதிநீரும் பிளைவுட் என்றால் நீராவியும் காட்டி, பத்து நாள் கழித்து இன்னொரு முறையும் அதையே செய்து, அதன்பின் உள்ளே கொண்டுவாருங்கள்.